வாய் மூடிய எழுத்து

ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் வரும் குறுக்கெழுத்துப் புதிரில் குறிப்பு என்று ஒன்று கொடுப்பார்கள். அதை நம்பக் கூடாது. பாட்டு என்று ஆரம்பிக்கும். பாட்டைத் தேடிக்கொண்டு போனால் நம்மைக் காட்டில் விட்டுவிடும். எனக்கு அதில் கஷ்டம் இருந்ததில்லை. மனுஷர் பேசுவதையே நான் அப்படித்தான் கேட்டுப் பழகியவன். ஒருத்தன் சிரித்துக்கொண்டு வந்தால் என்ன கேட்கப் போகிறான் என்றுதான் பார்ப்பேன். நான் படித்தது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாவது. அதுவும் முழுசாக இல்லை. புதிருக்கு அது போதும். எழுத்துக் கூட்டத் தெரிந்து, எதிராளியை நம்பாமல் இருந்தால் சரி.

ரப்பர் தோட்டத்தை விற்றுத் துண்டு துண்டாகப் பிரித்த பிறகு ஈப்போ பக்கம் குனோங் ராபாட்டுக்கு வந்தேன். மலையடியில் கல்லுடைக்கிற இடத்தில் காவல்காரன் வேலை, ஜாகா என்பார்கள். லோரி வந்தால் கேட்டைத் திறக்க வேண்டும், போனால் மூட வேண்டும். தங்குவதற்கு ஒரு வரிசை வீட்டின் பின்பக்கம் ஓர் அறை. என் வீட்டுக்காரி வீரம்மா தோட்டத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். பகலெல்லாம் கல் தூசி, வெடிச் சத்தம். பேச ஆள் கிடையாது, நானும் தேடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் மீரா சாஹிப் கடைக்குப் போவேன். கடை பெரிசு ஒன்றும் இல்லை, நாலைந்து மேசை. கல்லாவில் அவரே உட்கார்ந்திருப்பார். பேப்பரை விரித்து, பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு, குறிப்பை வாய்விட்டுப் படிப்பது அவர் வழக்கம். நான் முதல் தடவை போன அன்று ஒரு குறிப்போடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார்.

"ஒளி குறைந்தால் பால் பிடிக்கலாம். மூணு எழுத்து. என்னாலா இது? ராத்திரியில யாரு மாடு கறக்குறான்?"

நான் டீயை வைத்துவிட்டு, "மங்கு" என்றேன்.

"மங்குன்னா வெளிச்சம் கொறையிறது. சரி. பால் எங்க இருந்து வந்துச்சு?"

"பால் மரத்துல கட்டுற கிண்ணம் மங்கு. நீங்க டவுன்காரரு, மரம் வெட்டிப் பாலெடுத்ததில்ல."

அவர் கட்டத்தில் எழுதவில்லை. குறுக்கே ஓடுகிற சொல்லைப் பார்த்தார். அது 'ம'வில் ஆரம்பித்தால்தான் சரியாக வரும் என்று தெரிந்த பிறகே எழுதினார். அதைப் பார்த்துத்தான் அந்த ஆளோடு உட்காரலாம் என்று எனக்குத் தோன்றியது. சொன்னதை உடனே நம்பாத மனுஷன்.

அதற்குப் பிறகு வாராவாரம் நடந்தது. அவர் படிப்பார், நான் உடைப்பேன், உடைத்ததை விளக்க வேண்டும். விளக்காமல் அவர் எழுத மாட்டார். "ஊருக்குள் இருவர் இடம் மாறினால் எமன் வீடு" என்று ஒரு தடவை வந்தது. நகரம். அதில் நடு எழுத்து இரண்டும் இடம் மாறினால் நரகம். "தலை போனால் முளைக்கும் பாட்டு" என்று ஒன்று. கவிதை, 'க' போனால் விதை. குறிப்பில் ஒரு சொல்கூட வீணாக நிற்காது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கும். எந்தச் சொல்லுக்கு வேலை இல்லை என்று படுகிறதோ, நாம் அங்கேதான் ஏமாந்திருக்கிறோம் என்று அர்த்தம். இன்னொன்றும் உண்டு. குறுக்கே ஒரு சொல் வந்து ஒத்துக்கொள்கிற வரைக்கும் பென்சில்தான். பேனாவைத் தொடவே கூடாது. இது பாய் வைத்த சட்டம்.

புதிரைத் தவிர எங்களுக்குள் வேறு பேச்சு கிடையாது. அவருக்கு எத்தனை பிள்ளை என்று நான் கேட்டதில்லை. எனக்கு ஒரு மகள் இருப்பது அவருக்குத் தெரியாது.

மகள் பெயர் நவமணி. பாரிட் புந்தாரில் கட்டிக்கொடுத்தேன். மாப்பிள்ளை சீனி, அங்கே நெல் ஆலையில் வேலை என்றார்கள். சொன்னால் போதுமா? பஸ் ஏறிப் போனேன். ஆலை கேட்டில் நின்று, இந்த மாதிரி ஓர் ஆள் இங்கே வேலை செய்கிறானா, ஒழுங்கானவனா என்று விசாரித்தேன். தூரத்தில் ஒருத்தன் குனிந்து சாக்கு மூட்டைகளில் பிரஷ்ஷால் ஊர்ப் பெயர் எழுதிக்கொண்டிருந்தான். அவன்தான் சீனி என்று கேட்டில் இருந்த ஜாகா காட்டினான். பார்த்துவிட்டு வந்துவிட்டேன். இதில் என்ன தப்பு? இன்றைக்கும் அதைத்தான் செய்வேன். ஆனால் அந்த ஜாகா அவனிடம் சொல்லிவிட்டான். கல்யாணத்தன்று மாலையும் கழுத்துமாக நின்றுகொண்டு, "மாமா, வேலைக் கார்டு கொண்டாந்திருக்கேன், பாக்குறீங்களா?" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். பந்தலே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

அதற்கப்புறம் நான் அங்கே போகவில்லை. அவர்கள் ஒரு தீபாவளிக்கு வந்தார்கள். என் அறையில் மூன்று பேர் உட்கார இடமில்லை. நின்றுகொண்டே பேசிவிட்டுப் போனார்கள்.

நவமணி மாசமாக இருக்கிறாள் என்று தெரியும். தலைப்பிள்ளைக்குத் தாய் வீட்டுக்கு வர வேண்டும். தாயும் இல்லை, வீடும் இல்லை. எங்கே வருவாள்? அங்கேயே மாமியார் பார்த்துக்கொண்டாள்.

ஒரு நாள் கல்லுடைக்கிற இடத்து கேட்டுக்கே தந்தி வந்தது. எனக்கு இங்கிலீஸ் எழுத்து அரைகுறை. பஸ் பலகை, தெருப் பலகை பார்த்துச் சில ஊர்ப் பெயர் அடையாளம் தெரியும், அவ்வளவுதான். ஆபீஸில் கணக்கெழுதுகிற கிராணி அர்ச்சுனனிடம் கொடுத்தேன். இங்கிலீஸ் எழுத்தில் அடித்த தமிழ். அவன் ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தான்.

"பிள்ளை பிறந்தது. ஞாயிறு தொட்டில். மாமா வரவேண்டாம். சீனி."

படித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் திருப்பிக் கொடுத்தான்.

அர்ச்சுனனை எப்படி நம்புவது? வீட்டுக்குப் போகிற வழியில் பஸ் கண்டக்டரிடம் காட்டினேன். அவனும் அதையேதான் படித்தான். இரண்டு பேர் படித்தது ஒன்றாக இருந்தது. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். சீனியிடமிருந்து இதைத்தான் எதிர்பார்த்தேன். மாலையும் கழுத்துமாக நின்று சிரித்தவன் வேறு எதைச் சொல்லுவான்? ஆனால் நவமணி சும்மா இருந்துவிட்டாளே என்பது மட்டும் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. ஆண் பிள்ளையா பெண் பிள்ளையா என்றுகூடச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எப்போதும்போல் பாய் கடைக்குப் போனேன். வேறு எங்கே போவது?

பாய் அன்று நல்ல குஷியில் இருந்தார். "அண்ணே, ஒங்களயே போட்டிருக்கான்லா இன்னைக்கி. கேளுங்க. கொடு கொடு எனக் கேட்டால் கிழவர் வருவார். மூணு எழுத்து."

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கொடு என்றால் தா. இரண்டு தா. வாயைத் திறக்கவில்லை.

"என்னண்ணே, அடைச்சிக்கிச்சா? இது சின்னப் பிள்ள போடும்." அவரே பென்சிலால் எழுதினார். "தாத்தா. தாவுக்கும் தாவுக்கும் நடுவுல ஒரு 'த்'. மாயாண்டி அண்ணே தோத்துட்டாருன்னு பேப்பர்ல போடச் சொல்லணும்."

"எழுதிட்டீங்கள்ல. அடுத்தத படிங்க."

"கோவமாலா?"

"பேரன் பேத்தி இருக்கிறவன் தாத்தா. நமக்கு என்னா?"

எப்படிச் சொன்னேனோ, பாய் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். "ஒங்களுக்குப் பிள்ள இருக்கா அண்ணே?"

தந்தியை எடுத்து மேசையில் போட்டேன். ஏன் போட்டேன் என்று தெரியவில்லை. புதிர்க் கட்டத்தின் மேலேயே விழுந்தது.

பாய் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். திரும்ப ஒரு தடவை படித்தார். "வரவேண்டாம்னுதான் இருக்கு."

"அதத்தான் ரெண்டு பேரு சொல்லிட்டாங்க. மூணாவது ஆளு வேணாம், கொடுங்க இங்க."

அவர் கொடுக்கவில்லை. "ஒரே வரிசைய மூணு பேரு படிச்சா அது சரிபாக்குறதா? குறுக்க என்ன ஓடுது?"

"தந்தியில குறுக்க என்னத்த ஓடும்? ஆள விடுங்க பாய்."

"மத்தக் குறிப்புன்னா சொல்லுக்குச் சொல்லு ஒடைச்சிப் பாப்பீங்க. இத மட்டும் அப்படியே முழுங்கிட்டீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. எழுந்து போயிருப்பேன். ஆனால் பாய் அந்தத் தாளை என் பக்கம் திருப்பிவைத்து, குறிப்பைப் படிக்கிற அதே குரலில் படிக்க ஆரம்பித்துவிட்டார். பழக்க தோஷம், நானும் உடைக்க ஆரம்பித்தேன். பிள்ளை பிறந்தது: சேதி. சரி. தொட்டில்: விசேஷம். மாமா வரவேண்டாம்: உத்தரவு. சீனி: உத்தரவு போட்டவன். நடுவில் ஞாயிறு என்று ஒன்று நிற்கிறதே, அதற்கு என்ன வேலை?

"பாய்," என்றேன், "வர வேணாம்னு சொல்றவன் நாள எதுக்குச் சொன்னான்?"

பாய் தலையை நிமிர்த்தினார்.

"தந்தியில சொல்லுக்குச் சொல்லு காசு வாங்குவான். வேணாம்னு நெனைக்கிறவன் தந்தியே அடிக்க மாட்டானே. அப்படியே அடிச்சாலும் ஞாயிறுன்னு ஒரு சொல்லு வீணா போடுவானா?"

"போட மாட்டான்."

"இன்னொண்ணு. நம்ம ஆளு திட்டுறதுன்னா 'வராதீங்க'ன்னுதான் சொல்லுவான். வரவேண்டாம்னு எவன் எழுதுறான்? வரவேண்டும், வரவேண்டும்னு கல்யாணப் பத்திரிகையில..."

தந்தியின்மேல் விரலை வைத்தேன்.

பாய் பேப்பர் ஓரத்தில் இங்கிலீஸில் இரண்டு சொல் எழுதினார். ஒன்றின் கீழ் ஒன்று. எல்லா எழுத்தும் ஒன்றுபோலவே இருந்தன, கடைசிக்கு முந்தின எழுத்தைத் தவிர. மேலே இருந்ததற்கு மேல்பக்கம் திறந்திருந்தது, கிண்ணம் மாதிரி. கீழே இருந்ததற்கு மூடியிருந்தது.

"இது வேண்டும். இது வேண்டாம். அங்க 'யூ', இங்க 'ஏ'. எழுதிக் கொடுத்தவன் அவசரத்துல யூவோட வாய மூடிட்டான்னா, தந்தி ஆபீஸ்ல அடிக்கிறவன் என்ன செய்வான்? அவனுக்குத் தமிழு தெரியுமா? இருக்குறத அடிப்பான்."

நான் அந்த இரண்டு எழுத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாய் கல்லாவைத் தட்டினார். "என்னண்ணே பாத்துக்கிட்டிருக்கீங்க? இன்னைக்கிதான் ஞாயித்துக்கெழம! கெளம்புங்கலா!"

"தப்பா இருந்தா? வாசல்ல நிக்க வச்சித் திருப்பி அனுப்பிட்டான்னா?"

"தப்பா இருந்தா அழிச்சிக்கலாம். பென்சில்தான?"

ஈப்போ போய், அங்கிருந்து வடக்கே போகிற பஸ் பிடித்தேன். பஸ் ஸ்டேஷன் கடையில் பிள்ளைக்குப் பூசுகிற பவுடர் ஒரு டின் வாங்கினேன். கோலகங்சார், தைப்பிங், பாகான் செராய் என்று பஸ் எல்லா இடத்திலும் நின்று ஆள் ஏற்றியது. பால் மரம் இருந்த இடத்திலெல்லாம் எண்ணெய்க்கான செம்பனைக் கன்று நின்றது. அப்புறம் இரண்டு பக்கமும் வயல் வந்தது. ஊருக்குள் நுழைகிற இடத்தில் ஊர்ப் பெயர்ப் பலகை. பாரிட் தெரிந்த சொல். புந்தாரில் இரண்டாவது எழுத்து, வாய் திறந்த கிண்ணம். அதைப் பார்த்துவிட்டு இறங்கினேன்.

ஆலைக்குப் பின்னால் இருக்கிற வீடு. வாசலில் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலிகளை அடுக்கியாகிவிட்டது. சாப்பிட்ட இலைகளைக் கோழி கிளறிக்கொண்டிருந்தது. சீனி கம்பியை அவிழ்த்துக்கொண்டிருந்தவன் என்னைப் பார்த்தான். கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"வாங்க மாமா. என்னா இவ்ளோ நேரம்? ஆலைப் பக்கம் போயி, நான் இன்னும் வேலையில இருக்கேனான்னு கேட்டுட்டு வாரீங்களா?"

கூடாரம் பிரித்த ஆட்கள் சிரித்தார்கள். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். குத்திக் காட்டுகிறானா, விளையாடுகிறானா? எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் விடை வரவில்லை. அவன் என் கையிலிருந்த டின்னை வாங்கிக்கொண்டு, "உள்ள போங்க, ஒங்க மக ஒக்காந்திருக்கு" என்றான்.

உள்ளே நவமணி தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை. "வாங்கப்பா" என்றாள், அவ்வளவுதான். சேலைத் தொட்டில். எட்டிப் பார்த்தேன். ஒரு கை மட்டும் தெரிந்தது, மடக்கிய விரலோடு.

"பையன்" என்றாள். "காலையில இருந்து வாசலயே பாத்துக்கிட்டிருந்தாரு அவரு. அத்தை நல்ல நேரம் போவுதுன்னாங்க. அப்பா வர மாட்டாரு, போட்டுருங்கன்னு நான்தான் சொன்னேன்."

"ஏன் அப்படிச் சொன்ன?"

"நீங்க வந்திருக்கீங்களா எதுக்காச்சும்?"

தந்தியை எடுத்து அவளிடம் கொடுத்தேன். அவள் ஏழாவது வரைக்கும் படித்தவள். கண்ணை ஓட்டினாள். கயிற்றை ஆட்டுகிற கை நின்றது.

"எதையும் நம்ப மாட்டீங்க" என்றாள் மெதுவாக. "தங்கத்த ஒரசிப் பாப்பீங்க. மாப்பிள்ளைய கேட்டுல நின்னு வெசாரிப்பீங்க. இத மட்டும் நம்பிட்டீங்க."

மூலையில் ஓர் அரிசி மூட்டை சாய்ந்து நின்றது. சாக்கின்மேல் கறுப்பு மசியில் பிரஷ்ஷால் எழுதியிருந்தது. பாரிட் என்பது சரியாக இருந்தது. அடுத்த சொல்லில் இரண்டாவது எழுத்து, வழியில் நான் பார்த்த மாதிரி இல்லை. வாய் மூடியிருந்தது. அவன் கையெழுத்து. அன்றைக்கு கேட்டில் நின்று ஆளைத்தான் பார்த்தேன், அவன் எழுதின எழுத்தைப் பார்க்கவில்லை. தந்தியில் அந்த எழுத்தைத் தொட்டுவிட்டு, மகளிடம் சாக்கில் இருந்ததையும் காட்டினேன். அவளும் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. நவமணி தந்தியை மடியில் வைத்துக்கொண்டாள்.

சீனி காப்பியோடு வந்தான். தரையில் உட்கார்ந்தான். "தந்தி நேரத்துக்குக் கெடச்சிச்சா மாமா?"

"கெடச்சிச்சு."

"ஆலை கிராணி, நான் எழுதித் தாரேன் கொடுன்னாரு. நான் விடல. நம்ம மாமனார நம்ம கையாலதான் கூப்புடணும்னு நானே எழுதிக் கொடுத்தேன். இங்கிலீஸ் எழுத்து சாக்குல எழுதி எழுதிப் பழக்கந்தான்." சிரித்தான். "எழுத்து நல்லாப் புரிஞ்சிச்சா?"

நவமணி என்னைப் பார்த்தாள். என் சுபாவம் அவளுக்குத் தெரியும். மனசில் பட்டதை எவன் முகத்துக்கு நேராகவும் போட்டு உடைக்கிறவன் நான். மூட்டை அங்கேதான் நிற்கிறது. ஒரு விரல் நீட்டினால் போதும். நான் லேட்டாக வந்ததற்கு நான் காரணம் இல்லை என்று ஆகிவிடும்.

"புரிஞ்சிச்சு" என்றேன். "பஸ்ஸு லேட்டு."

"அதானே பாத்தேன்" என்றான் சீனி. ஆனால் அவன் முகத்தில் ஏதோ ஒன்று இறங்கியது. பஸ் லேட் என்பதை அவன் நம்பவில்லை. ஈப்போவிலிருந்து காலையிலேயே பஸ் உண்டு என்று அவனுக்குத் தெரியாதா? வர மனசில்லாமல் கடைசியில் வந்திருக்கிறார் கிழவர் என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பான். எடுத்துக்கொள்ளட்டும்.

"பிள்ளைய எழுப்பவாப்பா?" என்றாள் நவமணி.

"தூங்கட்டும்."

சாப்பாடு போட்டார்கள். சாப்பிட்டேன். சீனி, "ராத்தங்கிட்டுப் போங்க மாமா" என்றான். காலையில் கேட் திறக்கணும் என்றேன். அது நிஜம். பஸ் நிற்கிற இடம் வரைக்கும் அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூட வந்தான். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. பஸ் கிளம்புகிறபோது கையைத் தூக்கினான். நானும் தூக்கினேன். அவன் பார்த்தானோ இல்லையோ. தந்தி நவமணியிடமே இருந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு பாய் கடைக்குப் போனேன். அவர் புதுப் பேப்பரை விரிக்காமல் போன வாரத்துப் பேப்பரை எடுத்துவைத்தார். கட்டங்கள் நான் விட்டுப்போன இடத்திலேயே நின்றன. தாத்தா மட்டும் பென்சிலில் மங்கலாக இருந்தது.

"ஒங்களுக்காக முடிக்காம வச்சிருக்கேன். சொல்லுங்க. வேண்டுமா, வேண்டாமா?"

"வேண்டும்."

"நான் சொல்லல? எப்படித் தெரிஞ்சிச்சு? குறுக்க என்ன வந்துச்சு? வெளக்குங்க."

சாக்கு மூட்டையைச் சொல்லலாம். மடக்கிய விரலைச் சொல்லலாம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பேசாமல் வந்தவனை எப்படி விளக்குவது?

"விடை வந்துருச்சு. வெளக்கம் என்னாத்துக்கு?"

பாய் பேப்பரைத் தன் பக்கம் இழுத்தார். "அப்ப தாத்தாவ பேனாவுல எழுதிடலாமா?"

"எழுதுங்க."

கல்லாவிலிருந்து பேனாவை எடுத்தார். முதல் தாவை எழுதினார். 'த்' எழுதினார். அதற்குள் ஒரு லோரிக்காரன் வந்து ரொட்டி கேட்டான். பாய் பேனாவைக் கட்டத்தின் மேலேயே வைத்துவிட்டு எழுந்து போனார். நான் டீயைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் கடைசி எழுத்து பென்சிலிலேயே இருந்தது.